தீவின் மேகம் பார்த்துக் குறித்த நிக்காஹ்

பழவேற்காடு
17.7.2005

அன்பு மகன் ரிஜ்வானுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் நௌஷீனும் அல்லாஹ் கிருபையால் சுகம். அங்கே தீவின் கரண்டு ஆபீஸில் நீயும் உன் சோலார் தகடுகளும் டீசல் இன்ஜின்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். உன்னை மட்டும் விசாரித்தால் நீ அவற்றின் உடல்நிலையைத்தான் பதிலில் எழுதுகிறாய், அதனால் சேர்த்தே கேட்டுவிட்டேன். போனில் பாதி காற்றுதான் கேட்கிறது, ஆகவே கடிதம். இங்கே கரண்டு போனால் தெருவே நம் கடைக்கு வந்து, உங்க பையனுக்குப் போன் போட்டு எப்ப வரும்னு கேளுங்க பாய் என்கிறது. நீ இருப்பது வேறு கடலில் என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லி ஆளுக்கொரு மெழுகுவர்த்தி விற்று அனுப்புகிறேன்.

ஆகஸ்டு பதினான்காம் தேதி தங்கச்சி நௌஷீனின் நிக்காஹுக்கு வர முடியாது என்று எழுதிய உன் கடிதம் கிடைத்தது. மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் சோலார் கரண்டு சட்டென்று விழுந்துவிடுகிறது, பேட்டரி சில நிமிடம்தான் தாங்குகிறது, அதற்குள் இன்ஜினை ஓடவிட வேண்டும், அது தெரிந்த ஆள் நீ ஒருவன்தான், போன மாதம் நீ சாப்பிடப் போன நேரத்தில் தீவு முழுக்க இருண்டு ஆஸ்பத்திரியில் பிரசவம் டார்ச் வெளிச்சத்தில் நடந்தது, எல்லாம் படித்தேன். உம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஒரு தீவுல வேற ஆம்பளையே இல்லையா, மேகம் வந்தா இவன்தான் ஓடிக்கினு இருக்கணுமா என்று கேட்டாள். நௌஷீன், கழுவிய பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை என்ற தைரியத்தில் பொன்னேரிக்குப் போய் சம்பந்தி சஹாபுதீனிடம் தேதியை ஜனவரிக்குத் தள்ளலாமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, இன்னா பாய், மண்டபம் கிடைக்கலன்னு தேதி மாத்தறவங்கள பாத்துருக்கேன், எங்கியோ கடல்ல நிக்கற மேகத்துக்காக மாத்தறவர இப்பதான் பாக்கறேன் என்றார். நானும் இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன், நாற்காலியிலிருந்து எழுந்தும்விட்டேன். அப்போது கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் ஷிப்டு முடித்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். கேட்டுவிட்டுத் தன் தகப்பனாரிடம், வாப்பா, எங்க மில்லுல கரண்டு போயி ஜெனரேட்டர் எடுக்க லேட்டாச்சின்னா கம்பி பாதியில மாட்டிக்கும், அதுக்கே மேனேஜர் குதிப்பாரு, அங்க ஆஸ்பத்திரி இருக்குது, மச்சான் உட்டுட்டு வந்தாருன்னா நானே திருப்பி அனுப்பிருவேன் என்றார். மாப்பிள்ளை பற்றி என் மனதில் சின்னதாக ஒரு சந்தேகம் இருந்தது. அவர் சாப்பிட உட்காருவதற்குள் அது போய்விட்டது.

பக்ரீத் கழித்து வரும் ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் சம்பந்தி வியாபாரி. ஜனவரியில மேகம் வராதுன்னு எய்தித் தருவீங்களா என்று கேட்டார். அதற்குள் என் மகன் இன்னொருவனைத் தயார் செய்துவிடுவான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தது நான், காப்பாற்ற வேண்டியது நீ. உன் ஒருவன் கையை நம்பி ஒரு தீவு இருப்பது உனக்குப் பெருமையாக இருக்கலாம், பிரசவத்துக்கு வருகிறவளுக்கு அது போதாது. நாளைக்கே ஒரு ஆளைப் பிடித்துப் பழக்கு. கப்பல் டிக்கெட்டும் இப்போதே போட்டுவிடு. வெயிலில் தொப்பி போடு. உம்மா இறால் ஊறுகாய் அனுப்புகிறாள், இன்ஜின் பக்கத்தில் வைக்காதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் அந்தத் தீவுக்கு நல்ல வெயிலையும் தரட்டும். நௌஷீன் ஒன்று எழுதச் சொல்கிறாள்: நீ பழக்கப்போகும் ஆளுக்குத் தங்கச்சி இருக்கிறாளா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டுமாம், அவளுக்கும் அந்த ஞாயிறே நிக்காஹ் இருந்துவிடப் போகிறதாம்.

உன் பிரியமுள்ள வாப்பா,
பக்கீர் முகம்மது