காய்ச்சல் என்று எழுதவில்லை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லப் போவதில்லை. உடம்பை விசாரித்தாயிற்று. மனசைக் கேட்டால், அது நாலு நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசலாம்தான், ஆனால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் உனக்கு இன்னொரு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். நடுவில் எங்கேயாவது அடித்துத் திருத்தியிருந்தால் அது அவர் வேலை, என் கருத்து இல்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உன் செயலியைப் பாராட்டி, சட்ட உதவி மையத்தின் தலைவி என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டிய அந்தச் சான்றிதழ் என் மேசையில்தான் கிடக்கிறது. நான் போடவில்லை, போடப் போவதும் இல்லை. வெள்ளிக்கிழமை துணைவேந்தர் உன் கம்பெனியோடு ஒப்பந்தம் போடப் போகிறார், பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிற எல்லாச் சட்ட உதவி மையத்திலும் உன் ஏஐதான் இனி உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்லப் போகிறது, அதற்கு அம்மாவின் ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று நீ மூன்று தடவை சொல்லிவிட்டாய். "ஒரு கையெழுத்துதானேம்மா" என்றாய். நான் வக்கீல், டேய். ஒரு கையெழுத்துதானே என்று போட்டுவிட்டு வந்து அழுகிறவர்களைப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது.

உன் தொழில்முனைவோர் மையத்து இயக்குநரைப் பற்றி என்ன சொல்ல. பிள்ளைகள் அவருக்கு ஸ்லைடு சார் என்று பெயர் வைத்திருப்பது உனக்கே தெரியும், சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட நாலு ஸ்லைடு போட்டுத்தான் பதில் சொல்வார். போன மாதம் சட்டத்துறையில் பாடம் எடுக்கிற எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுத் தொழில்முனைவுச் சிந்தனை என்று இரண்டு நாள் பயிற்சி நடத்தினார். உங்களைச் சுற்றி என்ன பிரச்சினை இருக்கிறதோ அதைக் கலர் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றார். பெண்கள் கழிவறையில் குழாய் ஒழுகுகிறது என்று எழுதி ஒட்டினேன். "ஆஹா, இதுதான் மேடம் பயனாளியின் பார்வை!" என்று கை தட்ட வைத்தார். காகிதம் இன்னும் சுவரில் இருக்கிறது, குழாய் இன்னும் ஒழுகுகிறது. அந்த மனுஷன்தான் ஒருநாள் எங்கள் மையத்தில் வந்து கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்களை நாங்கள் ஒவ்வொருவராக கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுவதைப் பார்த்துவிட்டு, அதற்கு வீணாகும் நேரம் என்று பெயர் வைத்து ஒரு ஸ்லைடு செய்தார். உன் செயலியை எங்கள் மையத்தில் வைத்த பிறகு ஓர் ஆளுக்கு ஆகும் நேரம் பாதியாகிவிட்டது என்று ஊரெல்லாம் காட்டுகிறாயே, அந்தப் பாதி எங்கள் கேட் நடைதான்.

அந்த நடை என்னத்துக்கு என்று உனக்குத் தெரியாமல் இல்லை. காலேஜ் விட்டு வந்து என் அறையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றவன்தானே நீ. வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது ஒன்று, எழுந்து போகும்போது சொல்வது ஒன்று. தண்ணீர் வரி, பக்கத்து வீட்டு நாய், சர்டிபிகேட்டில் தப்பான பிறந்த தேதி என்று எதையாவது கேட்டு எங்களை நோட்டம் விடுவார்கள். பதில் மரியாதையாக வந்தால், கேட் கிட்டே போய்ச் செருப்பைச் சரி பண்ணிக்கொண்டே, "அப்புறம் மேடம், இன்னொண்ணு..." என்று இழுப்பார்கள். அந்த இன்னொண்ணுதான் வழக்கு. மகனே அடித்தது, வீட்டுக்காரர் பூட்டுப் போட்டது, கோர்ட்டிலிருந்து தாள் வந்தது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். நாங்கள் திரும்பி வந்து குறிப்பு எழுதும்போது கேட்டில் கேட்டதை முதல் வரியில் எழுதுவோம், நாய் கதையைக் கடைசியில் எழுதுவோம், சில சமயம் எழுதவே மாட்டோம். பெயரை எல்லாம் எடுத்துவிட்டு அந்தப் பழைய குறிப்புகளை வைத்துத்தான் உன் ஏஐக்குப் பாடம் நடத்தினாய். "எல்லாரும் எவ்ளோ தெளிவா எடுத்ததுமே விஷயத்தைச் சொல்லிடறாங்கம்மா" என்று நீ ஆச்சரியப்பட்டபோது, ஒரு வாரம் வந்து என் பக்கத்தில் உட்காருடா, அப்புறம் சொல் என்றேன். டேட்டா போதும்மா என்றாய். போதுமாம்! இப்போது உன் மெஷின் முதலில் கேட்பதுதான் வழக்கு என்று நினைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லி, நன்றி வணக்கம் போட்டு அனுப்பிவிடுகிறது.

அப்படி அனுப்பியதில் ஒரு பெண். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே அறை வாடகை வீடு. எங்கள் மையத்துக்கு வந்து உன் திரை முன்னால் உட்கார்ந்து, வீட்டைக் காலி செய்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டிருக்கிறாள். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், முன்பணத்தைப் பற்றி உன் ஏஐ சொன்னது அத்தனையும் சரி. நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கோர்வையாக வந்திருக்காது. படித்துப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. ஆனால் அவள் பையில், பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்த சம்மன் இருந்தது. வீட்டுக்காரர் அவளைக் காலி செய்யச் சொல்லி வழக்கே போட்டுவிட்டார், அடுத்த வாரம் வாய்தா. முதலில் முன்பணத்தைக் கேட்போம், இவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு தாளை எடுப்போம் என்று இருந்திருக்கிறாள். மெஷின் ஒரு சீட்டை நீட்டியது, பத்து வேலை நாளுக்குள் வக்கீல் கூப்பிடுவார் என்று. அடுத்த டோக்கன் நம்பர் மின்னியது, பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார், எழுந்துவிட்டாள். கேட் வரைக்கும் கூட நடக்க ஆள் இல்லை. வக்கீல்தான் கூப்பிடப் போகிறாரே, அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். பத்து வேலை நாளுக்குள் நான் கூப்பிட்டேன், சொன்ன கெடுவுக்குள்தான் கூப்பிட்டேன். அதற்குள் வாய்தா போய், அவள் வரவில்லை என்று ஒருதலைத் தீர்ப்பும் ஆகியிருந்தது. "நீங்க கூப்புடுவீங்கன்னுதாம்மா போகல" என்றாள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட வேண்டும், அன்றைக்கு ஏன் வரவில்லை என்று காரணம் எழுதிச் சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் கோர்ட்டில் வாய்தாவைத் தவறவிட்ட அத்தனை பேருக்கும் காய்ச்சல்தான், கொஞ்சம் பெரிய வழக்கென்றால் மஞ்சள் காமாலை. எதிர்க் கட்சி வக்கீலுக்கும் தெரியும், ஜட்ஜுக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. ஸ்லைடு சாருக்கு எப்படியோ காதுக்கு எட்டி என் அறைக்கே வந்துவிட்டார். "காய்ச்சல்னு போட்டுடுங்க மேடம், வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி நம்ம பேரு எதுலயும் வர வேண்டாம்" என்றார், மருத்துவச் சான்றுக்கு அவரே ஏற்பாடு செய்வாராம். இதில் மட்டும் ஸ்லைடு இல்லை, வாயாலேயே சொன்னார். வீட்டுக்கு வந்தால் உன் அப்பா அதற்கு மேல். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கிறியே, அந்தம்மாவுக்கு வீடு கிடைச்சா சரி, காரணம் எதுவா இருந்தா என்ன, பெத்த புள்ளை வாயில மண்ணைப் போடுவியா" என்று கேட்டார். மூன்று நாளாக அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, செய்தித்தாளோடுதான் பேசுகிறார்.

நானும் கல் இல்லை. காய்ச்சல் என்று எழுதிவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. உனக்காகத் தோன்றியது, மறைக்க மாட்டேன். கல்லூரி நாளில் மூன்று பேராக அந்தத் தொழில்முனைவோர் மையத்துப் புழுக்கமான அறையில் ராப்பகலாகக் கிடந்தீர்கள், உன் கூட்டாளி இரண்டு பேரும் வந்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு உன்னை நம்பி வந்தவர்கள். எல்லாம் தெரியும். அந்தப் பெண்ணிடமே கேட்டேன், அன்றைக்கு உனக்கு உடம்பு எப்படி இருந்தது என்று. என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க சொன்னா காய்ச்சல்னு சொல்றேம்மா, பொய் சொல்லித்தான் வீடு நிக்கும்னா சொல்றேன்" என்றாள். அவளுக்கு வீட்டைக் கெடுத்ததும் நாம், அதை மூடி மறைக்கப் பொய்ச் சத்தியம் செய்ய வேண்டியதும் அவளா? நாளைக்கு வீட்டுக்காரரின் வக்கீல் கூண்டில் ஏற்றி எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று குடைந்தால் மாட்டிக்கொள்வது அவளா, ஸ்லைடு சாரா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மருத்துவச் சான்று யோசனையை அவர் முகத்திலேயே விட்டெறிந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். மையத்துக்குச் சம்மனோடு வந்தாள், மனிதர் யாரும் அவளைக் கேட்கவில்லை, மெஷின் கேட்டது போதும் என்று அனுப்பியது, அந்த மெஷினை என் மையத்தில் வைக்க அனுமதித்தது நான். இவ்வளவையும் என் பெயரில் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தேன். நானே சாட்சியாகிவிட்டதால் நானே வாதாட முடியாது, என் சக வக்கீல், அந்த வெண்கலத் தொண்டைக்காரி, எழுந்து வாதாடினாள்.

இன்று காலை விசாரணைக்கு வந்தது. வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்து, இத்தனை நாள் காமாலை வந்தது, இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டதா என்றார், கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. பத்திரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இந்த மெஷினைச் செய்தது யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் மகன் என்றேன். நடந்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். இன்னும் இல்லை, இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்றேன். அந்த ஒருதலைத் தீர்ப்பை நிறுத்தி வைத்திருக்கிறார், அவளை இப்போதைக்கு யாரும் வெளியே தள்ள முடியாது, முடிவான உத்தரவு அடுத்த வாரம். என் பத்திரத்தின் நகலைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறார். தபால் போய்த் துணைவேந்தர் மேசைக்கு ஏற எப்படியும் திங்கட்கிழமை ஆகிவிடும், ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை. உன் அப்பா செய்தித்தாளைப் பார்த்தபடியே இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டார். நீயும் போடுவாய் என்று தெரிந்துதான் நானே எழுதிவிடுகிறேன். வெளியே வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புள்ள கோவிச்சுக்குவாரேம்மா" என்றாள். வராந்தாவில் அத்தனை வக்கீலுக்கு நடுவில் நின்று அழுதேனடா. உன் மேல் எனக்குப் பொல்லாத கோபம், இருந்தும் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்த மாதிரிதான் இருக்கிறது.

வியாபாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல மூளை உனக்கு, நல்ல சாமானும்கூட, கேட்கத்தான் இன்னும் தெரியவில்லை. எல்லா மையத்திலும் அது உட்கார்ந்துவிட்டால், அங்கே கேட் வரைக்கும் நடக்க ஆள் யாரையும் வைக்க மாட்டார்கள், அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தானே உன்னை வாங்குகிறார்கள். உன் கூட்டாளிகளிடம் இன்றைக்கே பேசு. துணைவேந்தரை நீயே கூப்பிட்டு நடந்ததைச் சொல், ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்கச் சொல். ஸ்லைடு சாரைக் கேட்டு முடிவெடுக்காதே. கைக்கு வந்தது போய்விடும் என்று பயமாக இருக்கும், போகவும் செய்யலாம், இல்லை என்று பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன்.

நீ தீர்க்காயுசாக, நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் அப்பாவுக்கும் வேறு ஆசை கிடையாது. கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளாதே, கூட்டாளிகள் மேல் எரிந்து விழாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை நீ திரையில் வருவாயாம், உனக்கு எங்கள் பக்கம் தெரிகிற மாதிரி கேமரா வைக்கிறார்களாம், முன்வரிசையில் நடுவில் எனக்கு நாற்காலி போட்டு மேலே பெயர்கூட ஒட்டியாயிற்று. அதற்குள் நீ வாயைத் திறந்து சொல்லியிருந்தால், ஒப்பந்தம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த நாற்காலியில் நான் வந்து உட்காருவேன். சொல்லவில்லை என்றால் அது காலியாக இருக்கும், நீ அதைப் பார்த்துக்கொண்டேதான் பேச வேண்டியிருக்கும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா