உங்கள் பேருக்கு வைத்த பணம்

அம்மன் துணை
கீரமங்கலம்
18.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இலக்கியா எழுதுவது. நானும் பாப்பாவும் அம்மன் புண்ணியத்தில் நலம். அங்கே வெயில் தணிந்ததா? போனில் பேசினால் உங்கள் ரூமில் இருக்கிறவர்கள் காதெல்லாம் நம் பேச்சில்தான் இருக்கிறது. அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

மொய் விருந்து நல்லபடியாக முடிந்தது. நாலு வீட்டார் சேர்ந்து பந்தல் போட்டதால் கறிச் செலவு கையைக் கடிக்கவில்லை. செலவு போக ஏழு லட்சத்துச் சொச்சம் நிற்கிறது. உங்கள் ரூம் ஆந்திராக்காரர், "ஒரே நாள்ல ஏழு லட்சமா, லாட்டரியா?" என்று கேட்டாராமே. அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். இது கடன். வைத்தவர்கள் ஒவ்வொருவரும் விருந்து போடும்போது, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து நாம் திருப்பி வைக்க வேண்டும். அடுத்த ஆடியிலேயே மூக்காயி அக்கா விருந்து வருகிறது. பூப்பறித்துச் சேர்த்த பத்தாயிரத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து வைத்தவர்.

பணம் வீட்டில் இருந்தவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நாய் குரைத்தாலும் எழுந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பேங்கில் டெபாசிட் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. ஆடிக்கு ஒன்று முடிகிற மாதிரி பிரித்துப் போட்டிருக்கிறேன். வட்டி பாப்பா படிப்புக்கு. பேங்க் மேடம், "ஒங்க பேரையும் சேத்துக்கலாமே" என்றார். வைத்தவர்கள் உங்கள் பேருக்குத்தானே வைத்தார்கள், அதில் நான் எதற்கு என்று உங்கள் பேரில் மட்டும் போட்டேன். சரிதானே?

உங்கள்
இலக்கியா

குவைத்
20.10.2024

அன்பு இலக்கியாவுக்கு,

நலம். நீ பிரித்துப் போட்ட விதத்தை ரூமில் சொன்னேன். பத்தாவதோடு நின்றவள் என்றால் ஒருத்தனும் நம்பவில்லை.

ஒன்று சொல்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பேங்கில் கிடக்கிற பணம் தூங்குகிற பணம். நம் ஊர் வெற்றிசெல்வன் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டான். போனிலேயே பங்கு வாங்கி விற்கலாம். போட்டது நாலு மாதத்தில் இரட்டிப்பாகிறது. என் கண்ணால் பார்த்தேன். பிறகு திருப்ப வேண்டிய பணத்தை இப்போதே ஏன் பூட்டி வைக்க வேண்டும்? டெபாசிட்டை உடைத்து வெற்றிசெல்வனிடம் கொடு. தை பிறந்ததும் பாப்பா பேரில் ஒரு மனை வாங்கிவிடலாம். கோயில் கோயிலாக அலையாமல் கொஞ்சம் தைரியமாக இரு.

நிலவழகன்

அம்மன் துணை
கீரமங்கலம்
10.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வெற்றிசெல்வன் அண்ணன் நேற்று வந்தார். கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசினேன்.

"என்ன தங்கச்சி, புருசன் பேச்சுக்கே மரியாதை இல்லையா?"

"அவரு வரட்டும்ணே. பேசிக்கிறோம்."

"அவரு வாரதே ஒன் கையிலதான் இருக்கு" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். அந்தச் சிரிப்பு இன்னும் வாசலிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. பாப்பாவை அங்கிட்டு விளையாட விடவில்லை.

போன மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. இந்த மாதம் அதுவும் இல்லை. கேட்கக் கூடாது என்றிருந்தேன், கேட்கிறேன். அதில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?

பேங்க் மேடமிடம் விசாரித்தேன். டெபாசிட் உங்கள் பேரில் இருப்பதால் என் கையெழுத்து தேவையில்லையாம். நீங்கள் அங்கிருந்தே போனில் முடித்துக்கொள்ளலாமாம். இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று கோயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டினவரிடம் மறைத்துவிட்டு அம்மன் முகத்தை எப்படிப் பார்ப்பது? எழுதிவிட்டேன்.

உங்கள்
இலக்கியா

குவைத்
24.11.2024

இலக்கியா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். என் சேமிப்பு முழுக்கப் போட்டுவிட்டேன். ரூமில் இரண்டு பேரிடம் கைமாற்று வாங்கியும் போட்டேன். போனில் பதினாலு லட்சம் என்று காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள். ஆறு லட்சம். கட்டினால் மறுநாளே எல்லாம் வந்துவிடுமாம். கட்டாவிட்டால் மொத்தமும் போய்விடுமாம்.

கடன் கொடுத்தவர்கள் முகம் மாறிவிட்டது. சாப்பிடும்போதுகூட எதிரில் வந்து உட்காருகிறார்கள். ஒரு வாரம்தான். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவேன். உன்னைக் கேட்காமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. சரி என்று ஒரு வார்த்தை எழுது.

நிலவழகன்

அம்மன் துணை
கீரமங்கலம்
25.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த வார்த்தையை எழுத முடியவில்லை.

பதினாலு லட்சம் உண்மையாக அங்கே இருந்தால், வரியை அதிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் அங்கே பணம் இல்லை. போனில் தெரிவது வெறும் எழுத்து.

போனது போகட்டும், வந்துவிடுங்கள். ரூம்காரர்கள் கடனை என் சங்கிலியை விற்று அடைக்கலாம். சங்கிலி நம்முடையது. டெபாசிட்டில் இருப்பது ஊரார் வியர்வை. அதைத் தொடாதீர்கள். பாப்பா மேல் சத்தியமாகக் கேட்கிறேன்.

உங்கள்
இலக்கியா

அம்மன் துணை
கீரமங்கலம்
5.12.2024

மாமா,

பாஸ்புக்கில் வரவு பதியலாம் என்று பேங்குக்குப் போனேன். மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் முடிச்சுட்டாரேம்மா. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னாருங்க" என்றேன்.

பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன்.

நீங்கள் போனை அணைத்து வைத்திருக்கிறீர்கள். நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. வெற்றிசெல்வன் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆந்திராக்காரரைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், மூணு நாளா ரூமுக்கு வரலை. நாங்களும் தேடுறோம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அதுதான் என்னைக் கொல்கிறது.

சங்கிலியை விற்று, உங்களுக்குக் கடன் கொடுத்த அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன். அவர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்தால், இனி அது வேண்டாம். விடிகாலையில் மூக்காயி அக்காவோடு நானும் பூப்பறிக்கப் போகிறேன். "என்ன இலக்கியா, குவைத்துக்காரர் பொண்டாட்டிக்குப் பூக்காட்டுல என்ன வேலை?" என்று சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். ஆடிக்குள் அவருடையதையாவது சேர்த்துவிடுவேன்.

இத்தனை நாளும் பணத்துக்குத்தான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். பணம் போய்விட்டது, பயம் போகவில்லை.

திட்டமாட்டேன். எப்படி, எவ்வளவு என்று கேட்கமாட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்றுகூட எழுத வேண்டாம். இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள்.

இலக்கியா