தம்பியின் பெயருக்கு ஐந்து எழுத்துக்கூட்டல்

12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. காலி வீதி நெடுக வாகன நெரிசல், பஸ் அசையவில்லை. வேலை முடிந்து நேரே வெள்ளவத்தையில் நாசர் நானாவின் இன்டர்நெட் கடை. அடையாள அட்டை காட்டி, கடைக் கொப்பியில் பெயர் எழுதி, நாலாம் மெஷின்.

தம்பி குலேந்திரனைப் பாமன்கடையில் யாரோ வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். பொலிசில் முறைப்பாடு எடுக்கவில்லை. அப்படி ஒருவரை யாரும் பிடிக்கவில்லையாம். ஆகவே நானே தேடுகிறேன். பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதிப் பார்த்தாயிற்று. வந்தவை: கனடாவில் ஒரு பல் வைத்தியர், யாருடையதோ கலியாணப் படம், ஒரு கிரிக்கெட் ஸ்கோர். எங்கள் ஆள் இல்லை.

நானா ஆறுதலுக்குச் சொன்னார். "இன்னும் கொஞ்ச வருஷம் போனா இப்படித் தட்டத் தேவையில்ல தங்கச்சி. தமிழ்ல வாயால கேட்டாப் போதும். மெஷினே மனுசன் மாதிரிப் பதில் சொல்லுமாம்."

"தம்பி எங்க எண்டு கேட்டா?"

யோசித்தார். "யாரும் எழுதி வெச்சிருந்தாச் சொல்லும்."

கொண்டுபோனவன் எழுதியா வைத்திருப்பான்.

14, வியாழன்

அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்துவிட்டது. வாங்கவேண்டும்.

நானா கடை வாசலிலேயே மறித்தார். காலையில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து கொப்பியைக் கொண்டுபோனார்களாம். நாலாம் மெஷினில் என்ன தேடப்பட்டது என்று எல்லாம் எடுத்தார்களாம். இனி வரவேண்டாம் என்றார், நிலத்தைப் பார்த்தபடி. அவருக்கு இரண்டு குமர்ப்பிள்ளைகள். கோபிக்க ஏலாது. கோபித்தேன்.

மெஷினுக்குத் தம்பியைத் தெரியாது. என்னை மட்டும் ஒன்றரை நாளில் பிடித்துக் கொடுத்துவிட்டது.

15, வெள்ளி

பொலிசுக்கு வரச் சொல்லி நேற்று இரவே ஃபோன். அம்மாவிடம் ஒஃபிஸ் என்றேன். மூன்று மணித்தியாலம் வாங்கில் உட்காரவைத்தார்கள்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: ஏன் இந்த ஆளைத் தேடுகிறாய், யார் தேடச் சொன்னது. என் தம்பி என்றேன். மேசையில் ஒரு தாள். நான் தட்டிய ஐந்தும் வரிசையாக. அவன் பெயரைப் பொலிஸ் தாளில் கண்டது இதுதான் முதல்தரம். அதுவும் என் தயவில்.

எது சரி என்றார். மூன்றாவது. கீழே கோடு போட்டார்.

அப்படியானால் முறைப்பாட்டையும் எழுதுங்கள் என்றேன். அப்படி ஒருவர் இல்லையே என்றார். கை அந்தத் தாளின் மேல்.

17, ஞாயிறு

வெயில். கொள்ளுப்பிட்டியில் வேறு கடை. இங்கேயும் அட்டை கேட்டார்கள். கொடுத்தேன்.

இன்டர்நெட்டில் யாரும் இலவசமாகப் பக்கம் எழுதக்கூடிய ஓர் இடம். தமிழில் எழுதினேன். குலேந்திரன். வயது முப்பத்தொன்று. கணித ரியூசன் மாஸ்டர். பாமன்கடை பஸ் நிறுத்தம், பின்னேரம் ஐந்தேகால். நம்பர் பிளேட் இல்லாத வான். கீழே ஐந்து எழுத்துக்கூட்டலும். 'எழுதியவர்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. என்னையும் கொண்டுபோனால் அம்மா தனி. பிறகு என் பெயர், முழுதாக.

கேட்டால் பதில் சொல்லும் மெஷின் எப்போதாவது வரட்டும். அப்படி ஒருவர் இல்லை என்று அதுவும் சொல்லக்கூடாது.

உடனே அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. எப்போது வரும் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கிழமைக்கணக்கில எடுக்கும் அக்கா. சிலது வராமலே போறதும் உண்டு."