அது ஸ்கொலஷிப் இல்லை

இஞ்சேருங்கோ,

மீன்குழம்பு அடுப்பில இருக்கு. உங்கட அக்காவைப் பென்டில் ஹில் ஸ்ரேசனில ஏத்திக்கொண்டு வந்து சாப்பாடு குடுங்கோ.

எங்கட பிள்ளை ஜெனோஜா ஸ்கொலஷிப்பில யூனிக்குப் போறாள் எண்டு நேற்று அக்காவுக்குப் போனில சொன்னீங்கள். அது ஸ்கொலஷிப் இல்லை. ஒஸ்ரேலியன் ஆமியில நான் இருக்கேக்க லொறி பிரண்டு என்ர முதுகு முறிஞ்சபடியால் பிள்ளையின்ர படிப்புக்கு அரசாங்கம் தாற உதவி. உதவி வேணும், ஆமி எண்ட சொல்லு மட்டும் வாயில வராதோ?

ஊரில எங்களைக் கலைச்ச சிறிலங்கா ஆமி வேற. அண்டைக்கு நானும்தான் ஓடினனான்.

அலுமாரிக்குள்ள நீங்கள் ஒளிச்சு வைச்ச என்ர யூனிபோம் படத்தைத் திரும்ப ஹோலில மாட்டியிருக்கிறன். முதுகுக்குப் பிசியோதெரபி செய்யப் போட்டு வாறன்.

பி.கு.: அக்காவுக்கு முள்ளில்லாத துண்டாப் பாத்துப் போடுங்கோ.

இன்னொண்டு. படத்தில நிக்கிறது ஆரெண்டு அக்கா கேட்டால், 'என்ர மனிசி' எண்டு சொல்லுங்கோ.