கட்டில் பலகையில் கணினிப் பெட்டி

புரட்டாசி 6, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பால்கனித் துணி எதுவும் காயவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகடு இன்று கையோடு வந்துவிட்டது. துரு. கல்கத்தா ஈரம் இரும்பைத் தின்று ஏப்பமும் விட்டாயிற்று. உள்ளே ஃபேன் சுற்றினால் மிச்சத் தகடு கடகடவென்று ஆடுகிறது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

மனைவி மைதிலிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பாட்டு வகுப்பே கிடையாது. இப்போது டாக்டர் உத்தரவு கிடைத்துவிட்டது. தினம் கொஞ்சம் பாடலாம். ஒரே நிபந்தனை, எந்தச் சத்தத்துக்கு மேலும் குரலை உயர்த்தக் கூடாது. சொல்லிக்கொடுப்பதோ கம்ப்யூட்டர் வழியாக. இது போடும் கூச்சலுக்கு நடுவே பாடினால் தொண்டை மறுபடி போச்சு.

பழைய மாணவிகள் எல்லாம் வேறு டீச்சர்களிடம் போய்விட்டார்கள். பெஹாலாவில் இருக்கிற நந்தினி மட்டும் போகவில்லை. கைக்குழந்தைக்காரி, வீட்டை விட்டு நகர முடியாது. இன்று ஃபோனில்: "நான் வேற யார்கிட்டயும் கத்துக்க மாட்டேன் மாமி. விஜயதசமிக்கு ஆரம்பிக்கலாம். டிக் ஆச்சே, சரியா?" மகராசி, நன்றாக இருக்கட்டும்.

ஃபோனை வைத்துவிட்டு மை. சொன்னது: "அன்னிக்கு குரல் சரியா வந்தா வகுப்பு. வரலைன்னா அந்தப் பொண்ணை வேற இடத்துக்கு அனுப்பிடுவேன். பாட்டை மூட்டை கட்டிடுவேன்." மாவு தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

சாயங்காலம் கடையில் புதுப் பெட்டி பார்த்தேன். கண்ணாடிக் கதவு, கலர் லைட்டு. கல்யாண மண்டபம் தோற்றது. நமக்கு வேண்டியது துரு பிடிக்காத, ஆடாத, வாயை மூடிக்கொண்டிருக்கிற பெட்டி. மரம்தான் சரி. நானே செய்வதாக உத்தேசம்.

மை.: "போன தடவை பண்ணின செருப்பு ஸ்டாண்டு எங்கேன்னா?" பென்சிலை எடுத்துப் பெட்டியின் அளவைக் குறித்துக்கொண்டேன்.

புரட்டாசி 8, புதன்

வெயில். புழுக்கம்.

தேவை: பலகை, ரம்பம், டிரில், உப்புத்தாள், மரப்பசை, ஸ்க்ரூ. வீட்டில் இருப்பது: ஆசை.

மாடி வீட்டு தபன் அண்ணா, இந்த ஊர்ப் பேச்சில் தபன்-தா, அவரிடம் ரம்பம் கேட்கப் போனேன். அந்த மனுஷரிடம் ஒன்று கேட்டால் நாலு வரும். ரம்பம், டிரில், மரம் இழைக்கிற பிளேன், ஒரு கப் டீ. "பலகைக்குக் கடைக்கா போகப் போறே? பைத்தியமா நீ?" என்று மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனார். பிரித்துப் போட்ட பழைய கட்டில். அசல் தேக்கு. தலைமாட்டுப் பலகை முழுக்கக் கொடியும் பூவும் செதுக்கியிருக்கிறது. அவர் மனைவி சீராகக் கொண்டுவந்த கட்டில். எனக்குக் கை கூசியது.

வேண்டாம் என்று சொல்வதற்குள் அண்ணி, அதான் பௌதியே இறங்கி வந்துவிட்டாள். அவர்கள் பேசியதெல்லாம் வங்காளியில். எனக்குள் தமிழாகவே பதிந்தது. "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. இவர் குறட்டையைக் கேட்டுக் கேட்டே தேய்ஞ்ச கட்டில் அது. இனிமேலாவது மைதிலி பாட்டைக் கேக்கட்டும்."

தபன்-தா சத்தம் போட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கண் கரித்தது. உறவுக்காரர்கள் எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு ஃபோன். மாடியில் இருப்பவள் கல்யாணக் கட்டிலைத் தூக்கிக் கொடுக்கிறாள்.

புரட்டாசி 11, சனி

மேகமூட்டம். உடம்பெல்லாம் மரத்தூள். தும்மல்.

பெட்டி நின்றுவிட்டது! மூலைகள் சுமார். ஒரு பக்கம் அரைக்கண் மூடின மாதிரி கொஞ்சம் சாய்வு. செதுக்கின பலகை முன்பக்கம், காற்று வெளியேறுகிற ஓட்டைகள் பின்பக்கம். பழைய பெட்டியில் துரு தொடாத தகட்டை வெட்டி உள்ளே பொருத்தி, மதர்போர்டை அதில் ஏற்றினேன். கட்டை விரலில் பிளாஸ்திரி.

ஸ்விட்ச் போட்டேன். கடகட இல்லை. அதற்குப் பதில் "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம், அறை முழுக்க. இரும்பில் கடகடத்தது மரத்தில் முழங்குகிறது. வீணைக்குக் குடம் செய்வது மாதிரி செய்து தொலைத்திருக்கிறேன்.

மை. கரண்டியும் கையுமாக வந்து காதைச் சாய்த்துக் கேட்டாள். "பேஷ். உங்க பொட்டி ஸ்ருதி பிடிக்கறதே."

"கிண்டல் பண்ணாதே."

"நிஜமாத்தான். ஆனா ஒரு இழை இறங்கியிருக்கு. நந்தினி பாவம், இதோட சேர்ந்து அபஸ்வரமாவே கத்துப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அதற்காகவாவது பெட்டிக்கு ஒரு கும்பிடு. ஆனால் சிரித்து முடித்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் எதை யோசிக்கிறாள் என்று தெரியும். நாள் நெருங்குகிறது.

புரட்டாசி 13, திங்கள்

லேசான தூறல். கரியாஹாட் கடைத்தெருவில் துர்கா பூஜைக் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. என்னைத் தவிர எல்லோர் கையிலும் புதுப் புடவைப் பை. என் கையில் ஓட்டை சைக்கிள் டியூப். ரிப்பேர் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார், "இதை வெச்சு என்ன தாதா பண்ணப் போறீங்க?" என்றார். மனைவி பாடுவதற்கு என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

டியூபை வளையம் வளையமாக வெட்டி ஃபேனுக்கும் மரத்துக்கும் நடுவே கொடுத்தேன். பெட்டிக்கு அடியில் பழைய கம்பளித் துண்டு. ஸ்விட்ச்.

நிசப்தம். காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே காற்று போகிற சின்ன மூச்சு, அவ்வளவுதான்.

மை.: "செத்துப்போச்சா?"

"ஓடறதுடி!"

நம்பாமல் திரையை எட்டிப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். "தேவலையே" என்றாள். பத்மஸ்ரீ கொடுத்த மாதிரி எனக்கு.

புரட்டாசி 15, புதன், சரஸ்வதி பூஜை

நல்ல வெயில், நீல வானம். தெருக்கோடியில் டாக் மேளம் காலையிலிருந்து.

பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தில் ரம்பம், டிரில், பிளேன், தம்புரா, மை.யின் பாட்டு நோட்டுகள். கொடியும் பூவும் கிழக்கே பார்க்கிற மாதிரி, சுவரோரம் மேஜையில் மை. அவள் கையாலேயே வைத்தாள். "நாளைக்கும் இப்படியே இருக்கட்டும். இந்த இடத்திலேயே வகுப்பு."

நடுவே தபன்-தா ஓடி வந்தார். துர்கா பூஜைப் பந்தலில் லைட் ஒன்று கழன்று தொங்குகிறதாம், டிரில் உடனே வேண்டுமாம். பூஜையில் இருக்கிறது, நாளைக் காலை வரை தொடக் கூடாது என்றேன். அவர் டிரில்லை அவருக்கே இல்லை என்கிறேன்! மனுஷருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரஸ்வதிக்கு எங்க பூஜை மாக மாசம்தான். இப்போ அவ அம்மா துர்காகூட பாட்டி வீட்டுக்கு லீவுல வந்திருக்கா. அவளைப் போய் வேலை வாங்கறியே!" சுண்டலும் வடையும் சாப்பிட்டுவிட்டு, வேறு யாரிடமோ டிரில் கடன் வாங்கப் போனார். இப்படி ஒரு மனுஷர் மாடியில் இருப்பதற்கு நாங்கள் என்ன புண்ணியம் செய்தோமோ.

மை. இரண்டு கரண்டி ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டாள். "பயமா இருக்குன்னா" என்றாள். எனக்கும்தான்.

புரட்டாசி 16, வியாழன், விஜயதசமி

குளிர்ந்த காற்று. புனர்பூஜை ஆயிற்று. டிரில் மாடிக்குப் போயிற்று, நெற்றியில் சந்தனத்தோடு.

வகுப்பு. திரையில் நந்தினி, மடியில் குழந்தை. மை. வெந்நீர் குடித்தாள், தம்புரா மீட்டினாள், கண்ணை மூடிக்கொண்டாள். "ஸ" பிடித்தாள். குரல் நடுங்கியது. நான் வாசல்படியில் நின்று நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது. பெட்டி அணைந்துவிட்டது. அது சத்தமே போடாததால் அணைந்ததும் தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தவளுக்கு எப்படித் தெரியும்? ஓடிப் போய்ச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குரல் நிலைத்தது, நடுக்கம் போயிற்று. மோகனத்தில் இறங்கிவிட்டாள். மெதுவாக, கத்தாமல், மேலே போய்த் தொட்டுவிட்டு வந்தாள். பழைய குரல் இல்லை. கொஞ்சம் அடர்த்தி. எனக்கு இது போதும், ஸ்வாமி, இதுவே போதும் என்று அழுதுகொண்டு நின்றேன்.

முடித்துக் கண்ணைத் திறந்தாள். கறுப்புத் திரை. ஃபோன் அடித்தது, ஸ்பீக்கரில் நந்தினி: "மாமி, லைன் போயிடுத்து! 'ஸ' மட்டும்தான் கேட்டுது, அப்புறம் ஒண்ணுமே கேக்கலை!"

மை. என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீ பாடிண்டிருந்தே."

பெட்டியைத் தொட்டேன், இட்லிப்பானைச் சூடு. கிழக்கே பார்க்க வைத்ததில் பின்பக்க ஓட்டையெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூச்சுவிட வழியில்லை. தெற்கே திருப்பட்டுமா என்று தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா திருப்புங்கோ. சரஸ்வதியும் மூச்சு விடணுமே." ஃபோனை வாங்கிக்கொண்டாள். "ஒண்ணும் போகலைடி நந்தினி. மாமா பொட்டியைத் திருப்பிண்டிருக்கார். குழந்தையை நன்னா மடியில போட்டுக்கோ. நான் முதல்லேர்ந்து பாடறேன்."

பாடுகிறாள். பெட்டி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே எழுதுகிறேன். சூடு இல்லை.