நிற்கிற நாளுக்கு அரைப்படி

பாய், இன்று காலை என் மருமகள் கொள்ளு வேகவைத்தாள். மார்கழிப் பனியில் எனக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. கொள்ளு ரசம் குடித்தால் இளகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தாள். அந்த வாசனை முன்கட்டுக்கு வந்ததும், "யாரைக் கேட்டு இதை அடுப்பில ஏத்தினே? கொண்டு போய்க் கொட்டு" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். "அப்பாவுக்கு வயசாக ஆக மூக்குக்கு மேல கோபம்" என்று என் பையன் முணுமுணுத்தான். எனக்கு எந்த வயதில் அது இல்லாமல் இருந்தது? உங்களுக்குத் தெரியாததா?

உயிரோடு இருந்தவரை உங்களை "நீ" என்றுதான் பேசினேன். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எட்டு வருஷம் என் கோச்சு வண்டியை ஓட்டினீர்கள். ஒருநாள்கூட உங்களை உட்காரச் சொன்னதில்லை. இப்போது "நீங்கள்" போட்டு எழுதுகிறேன். செத்தவருக்குக் கொடுக்கிற மரியாதையால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆனாலும் வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் என் வீட்டின் பின்னால் லாயம். உள்ளே அந்த வெள்ளைப் பெட்டைக் குதிரை. மோத்தி என்று பெயர் வைத்தது நீங்கள்தான். மீர்சாகிப்பேட்டையிலிருந்து விடியும்போதே நடந்து வந்துவிடுவீர்கள். வந்ததும் குதிரையின் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள், இரவு அவள் போட்டிருக்கிற சாணத்தை, லத்தியைத்தான் பார்ப்பீர்கள். கெட்டியா, இளக்கமா, நாற்றம் எப்படி என்று பார்த்த பிறகுதான் அவள் கழுத்தைத் தட்டிக் கொடுப்பீர்கள். "மனுசன் பொய் சொல்லுவான் ஐயா, லத்தி சொல்லாது" என்பீர்கள். நான் சிரிப்பேன்.

சித்திரை வெயிலில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் கொள்ளு. கொள்ளு தின்ற வயிற்றோடு அவளைத் தொட்டிப் பக்கம் விட மாட்டீர்கள். ஓடி வியர்த்து வந்த நாளில் தண்ணீரில் ஒரு கை உப்பு. ஐப்பசி மழையில் புல்லுக்கட்டு வந்தால் ஒருநாள் பரப்பி உலர்த்தாமல் ஒரு பிடிகூடப் போட மாட்டீர்கள். தினமும் நாலு குளம்பையும் தூக்கி அடியில் சேற்றைச் சுரண்டி, துடைத்து, வேப்பெண்ணெய் தடவுவீர்கள். நான் கோர்ட்டுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பேன். "நாலாவது கால் ஐயா, இதோ ஆச்சு" என்று குரல் வரும். குரலில் அவசரமே இருக்காது. அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

உங்களுடைய இன்னொரு சட்டம்தான் நம் இருவரையும் கெடுத்தது. வண்டி பூட்டாத நாளில் கொள்ளு பாதிதான். ஓடுகிற நாளில் வேளைக்கு ஒரு படி, நிற்கிற நாளில் அரைப்படி. எட்டு வருஷமாக அப்படித்தான் போட்டு வந்தீர்கள். நான் கவனித்ததே இல்லை. ஒருநாள் கோர்ட்டில் சக வக்கீல் ஒருவர், "குதிரைக்குப் போடுற கொள்ளுல பாதி குதிரைக்காரன் வீட்டு உலையிலதான் வேகும்" என்று சொல்லிச் சிரித்தார். அன்று மாலையே லாயத்துக் கொள்ளுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் மடியில் முடிந்துகொண்டேன். இரண்டு வேளையும் நானே அளந்து உங்கள் கையில் கொடுத்தேன். சாட்சி உண்டா, விசாரணை உண்டா? எந்தக் கோர்ட்டிலும் நான் தயங்காமல் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். என் வீட்டு லாயத்தில் கேட்கவில்லை.

அந்த வருஷப் பங்குனித் திருவிழாவில் மாட வீதிகளில் கூட்டம் நெரிந்தது. வண்டி வெளியே போக வழியில்லை. நான் லஸ்ஸில் டிராம் ஏறிக் கோர்ட்டுக்குப் போய் வந்தேன். மோத்தி ஐந்து நாள் லாயத்திலேயே நின்றாள். முதல் நாள் காலையில் நான் ஒரு படி அளந்தபோது நீங்கள் படியின் மேல் கையை வைத்தீர்கள்.

"இன்னிக்கு அரைப்படி போதும் ஐயா. சும்மா நின்னுக்கினு கீது. வேலை இல்லாத ஒடம்புக்குத் தீனி வெஷம்."

"மீதி அரைப்படி எந்த வீட்டு அடுப்புக்குப் போறது?" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டீர்கள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, விடியற்காலையில் கூட்டம் சேருவதற்குள் அவளைக் கையில் பிடித்துக் கடற்கரை வரை நடத்திக்கொண்டு வரட்டுமா என்று கேட்டீர்கள். அதையும் வேண்டாம் என்றேன். வெளியே போனால் யாருக்காவது சவாரி ஓட்டுவீர்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்த மனுஷன் நான்தான். ஐந்து நாளும் முழுப்படி. என் கண்ணெதிரிலேயே அவள் தின்றாள். மினுமினுவென்று இருந்தாள். பார்த்தாயா, வயிறார வைத்தால் குதிரை எப்படி இருக்கிறது என்று எனக்குள் பெருமை.

ஆறாம் நாள் பெரிய வழக்கு. தாமதமாகக் கிளம்பிவிட்டு விரட்டச் சொன்னேன். ராயப்பேட்டை தாண்டவில்லை, மோத்தி குளிப்பாட்டினது மாதிரி வியர்த்துவிட்டாள். பின்னங்கால் இரண்டும் விறைத்து நின்றன. நீங்கள் குதித்து இறங்கி அவள் இடுப்பில் கை வைத்தீர்கள். "பலகையாட்டம் கீது ஐயா" என்றீர்கள். அவள் விட்ட மூத்திரம் காப்பி நிறத்தில் இருந்தது. "இனி ஒரு அடி நடக்கக் கூடாது. வண்டியை அவுத்துட்டு இங்கியே நிழல்ல நிக்க வெக்கலாம். நான் கூடவே கீறேன்."

நடுத்தெருவில் என் வண்டி நிற்பதை ஊர் பார்க்கிறதே என்று எனக்கு மானம் போயிற்று. வேறொரு ஜட்காவைக் கூப்பிட்டு ஏறிக்கொண்டு, "மெதுவா வீட்டுக்கு நடத்திண்டு போ, இது என் உத்தரவு" என்றேன். நடத்தினீர்கள். எப்படி நடத்தினீர்கள் என்று நான் கேட்டதில்லை. சாயங்காலம் நான் வரும்போது மோத்தி லாயத்தில் படுத்திருந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

வேப்பேரியிலிருந்து குதிரை டாக்டர் வந்தார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் அவர்களுடைய வண்டிக்காரர்களும் கூடியிருந்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சும்மா நின்ற நாளில் எவ்வளவு கொள்ளு போட்டீர்கள்?" என்பதுதான். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அதெல்லாம் பாய் பொறுப்பு" என்றேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பாய். நான் மறுத்துக்கூட இருக்க மாட்டேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் டாக்டரைப் பார்த்து, "ஆமா சாப், முழுப்படி போட்டேன்" என்றீர்கள். உங்கள் கையால்தானே போட்டீர்கள், அது பொய்யில்லை. "இது இனிப் பிழைக்காது. குதிரையைக் கொன்றது நீதான்" என்றார் டாக்டர். எல்லோரும் கேட்டார்கள். மூன்றாம் நாள் மோத்தி போய்விட்டாள்.

அப்புறம் மயிலாப்பூரில் எந்த வீட்டிலும் உங்களை வைத்துக்கொள்ளவில்லை. நான் மோட்டார் வாங்கினேன். ஒரு தடவை லஸ் மூலையில் நீங்கள் வைக்கோல் ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடித்தான். நீங்கள் ஒதுங்கினீர்கள். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நாளைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை எத்தனை வருஷம் தள்ளிப் போட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்று ஒரு ஜட்காக்காரர் சொன்னார். அன்றைக்குத்தான் முதன்முறையாக உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒற்றை அறை, குறுக்கே ஒரு திரை. நான் வருவதற்குள் உங்களை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். வழியெல்லாம் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் மனைவி பேசினார். உங்களவர்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டாமே, இறந்தவர்மேல் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் குடும்பத்தார் கேட்டுத் தீர்த்துவிடுவது.

"வக்கீல் ஐயா, மோத்தி விசயத்துல அவரு மேல உங்களுக்குக் கோவம் இருந்தா மாப் பண்ணிடுங்க. நான்தான் கொன்னுட்டேன், வாணாம்னு இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கணும்னு கடைசி வரைக்கும் பொலம்பிக்கினே இருந்தாரு. நீங்க வாயால சொன்னா அவருக்கு அங்க லேசாப் பூடும்."

அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன், பாய். அந்த அம்மாள் அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னார்.