பழைய பிஸ்கட் டின் – 1

2025 டிசம்பர் 2

ஏ ஷிப்ட். கம்பெனி ஸ்டோரில் ஆடிட். ஒரு குறை சொல்ல முடியவில்லை வந்தவர்களால். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அத்தை கேட்டார்: "இசை, மாமா மெடலுங்க இருந்த பிஸ்கட் டின்னு எங்க? ஜனவரி இருபத்தாறுக்கு இஸ்கூல்ல கேக்கறாங்க."

மாமா கேப்டனாக ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்றாம் வருடப் போருக்குப் போனவர். இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மெடல்கள் ஐந்து.

"பீரோல இருக்கும் அத்தை" என்றேன். இருக்காது.

டிசம்பர் 3

வேறு யாரிடம் சொல்வது? எழுதிவைக்கிறேன். ஆகஸ்டில் மாடி அறையை வாடகைக்கு விட ஒழித்தேன். கம்பெனியில் செய்கிற மாதிரியே – ஒரு வருடம் கைபடாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு. முப்பது நாள் பின்பக்க மாடிப்படிக்குக் கீழே. யாரும் கேட்காவிட்டால் ஸ்கிராப். ஒரு சீட்டில் 'பழைய பிஸ்கட் டின் – 1' என்று என் கையால்தான் எழுதினேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. திறக்கவில்லை. ஸ்டோரில் பெட்டியைத்தான் எண்ணுவோம்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. முட்டிவலியில் பின்பக்கம் வருவதும் இல்லை. அவருக்கு முப்பது நாள் அவகாசம் கொடுத்த புத்திசாலி நான்!

டிசம்பர் 6

அத்தைக்குச் சந்தேகம் பாண்டிச்செல்வி மேல். மாடி அறைப் பெண். சங்கரன்கோவில் பக்கம் ஊர், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை. "ஊரு பேரு தெரியாதவள வூட்ல வெச்சது என் தப்பு" என்று வாசலில் நின்று அத்தை கத்தினார். தெருவே பார்த்தது. அந்தப் பெண் மேலே போய்த் தன் பெட்டியைத் தூக்கிவந்து எங்கள் முன்னால் கவிழ்த்தாள். இரண்டு யூனிபார்ம், ஒரு போர்வை, முறுக்கு டப்பா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன்டி இசை, சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?

சாயங்காலமே அறையைக் காலி செய்துவிட்டாள்.

டிசம்பர் 7

ஐந்து மெடலையும் தேடிப் பிடித்து, பீரோவுக்குப் பின்னால் போட்டு, 'இதோ கிடைச்சிருச்சு' என்றுவிட வேண்டும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

டிசம்பர் 14

படப்பை காயலாங்கடை. கடைக்காரர் நரசிம்மன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாமா நீ, செப்டம்பர்ல போட்ட சரக்கு இன்னுமா அப்டியே கீது? டின்னு தகரத்தோட போச்சு. வெள்ளை மெட்டலு அந்த டிரம்முல கீது, தேடிக்கோ. பித்தளை லோடு வாலாஜாபாத்து போயிடுச்சு."

இரண்டு மணி நேரம். போல்ட், குழாய் மூடி, சாவி. நான்கு மெடல் கிடைத்தது. விளிம்பில் மாமாவின் பட்டாள நம்பரும் ராமன் என்ற அவர் பேரும். டின்னில் மடித்து வைத்திருந்த பட்டாளத்து குரூப் போட்டோ கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. "கிழிக்க மனசு வர்லமா" என்று அவரே பிய்த்துக் கொடுத்தார். போரில் வாங்கிய நட்சத்திரம் மட்டும் இல்லை. அது வெண்கலம். பித்தளையோடு போயிருக்கும்.

டிசம்பர் 21

வாலாஜாபாத் பட்டறை. "ஸ்டாரா? நாங்க எதையும் பாக்கறதில்லமா. வரும், எடை போடுவோம், உருக்கிடுவோம். அந்த லோடு முடிஞ்சி ஆறு வாரம் ஆவுது."

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். மாமாவை நினைத்து என்று பொய் எழுத மாட்டேன். இனி ஒளிக்க முடியாது என்றுதான்.

டிசம்பர் 22

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அத்தை நான்கையும் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். "சண்டையில வாங்கனது எது?"

"அதுதான் அத்தை இல்ல."

நான்கையும் முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பொண்ண நான் திட்டறப்பவே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என்னை அடித்திருக்கலாம்.

டிசம்பர் 23

அத்தை தன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டார்.

2026 ஜனவரி 4

பாண்டிச்செல்வி இப்போது தங்கியிருக்கும் ஒரகடம் ஹாஸ்டலுக்கு அத்தையை ஆட்டோவில் வைத்துக் கூட்டிப்போனேன். முட்டிவலியோடு இரண்டு மாடி ஏறினார். "தப்பா பேசிட்டேன்மா, மன்னிச்சிடு" என்று பாண்டிச்செல்வி கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பதறிப்போய் அத்தையைக் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நானும் மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வரச் சொன்னேன். குடியரசு தினத்துக்காவது வா என்றேன்.

கீழே வரை என்னோடு வந்தாள். "பாட்டி ஏசுனது எனக்குப் பெருசில்லக்கா. அவுக தெரியாம ஏசுனாக. பெட்டியக் கொட்டும்போது நான் ஒங்க மொகத்தத்தான் பாத்தேன். அப்பமே தெரிஞ்சு போச்சு."

 

ஜனவரி 26

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். மேஜையில் நான்கு மெடலும் போட்டோவும். அத்தையைப் பேசக் கூப்பிட்டார்கள். மாமாவைப் பற்றி இரண்டு வரி. அப்புறம், "அஞ்சு இருந்திச்சி. ஒண்ணு எங்க வூட்லயே தொலச்சிட்டோம். வாடகைக்கு இருந்த பொண்ணு எடுக்கல. தெருவுல கத்தனேன் இல்ல, அதான் இங்க சொல்றேன்." என் பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இன்று எல்லாக் கம்பெனியும் லீவு, பாண்டிச்செல்விக்கும்தான். பக்கத்து நாற்காலியில் அத்தை தன் பையை வைத்துக்கொண்டார். கேட்டவர்களிடம், "ஆள் வருது" என்றார். மிட்டாய் கொடுத்து முடித்து, பந்தலைப் பிரிக்கும்வரை பையை எடுக்கவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.